எட்டா, பன்னிரண்டா

அலெக்சாண்ட்ரா சாலையில்
நாற்காலிகளைத் துண்டுதுண்டாய் விற்கும் கடையின் மாடியில்
வியாழக்கிழமை மதியம் சாப்பிடுவேன்.
பச்சை ஹலால் முத்திரை, கையைக் கடிக்காத விலை,
அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு மேம்பாலம்.

என் வேலை தொலைபேசி.
"வணக்கம், வங்கியிலிருந்து நஜிமுதீன்.
இந்த உரையாடல் பதிவாகிறது."
அதற்கப்புறம் மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும்.
நாளைக்கு அறுபது மூச்சு.

ஸ்வீடன் கப்பல் நிறுவனத்து அனெலி
எதிரே தட்டை வைப்பாள்.
பழுப்புக் குழம்பு, மசித்த உருளைக்கிழங்கு,
ஓரத்தில் சிவப்பாய்ப் புளிக்கும் பழப்பாகு.
இறைச்சிக்கு ஜாமா என்று முதல் நாள் நான் முகம் சுளித்ததை
இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.
"ஷொட்புல்லர்" என்று சொல்லித் தந்தவளும் அவள்தான்.
எழுதும்போது க, சொல்லும்போது ஷ.
நம் கோலா உருண்டைக்கு
ஏதோ தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொண்டேன்.

முந்நூறு வருஷம் முன்னே அவள் நாட்டு மன்னன்
ருஷ்யாவோடு மோதித் தோற்று
துருக்கிச் சுல்தானின் எல்லைக்குள் ஓடினான்.
வருஷக்கணக்கில் விருந்தாளி.
ரொட்டி கடன், குதிரை கடன்,
கூட வந்த படைக்குச் சம்பளம் கடன்.
ஊர் திரும்பினான்.
கடன்காரர்கள் பின்னாலேயே வந்தார்கள்,
பனிக்குள், சீட்டுக் கட்டோடு.
வந்து, காத்திருந்தார்கள்.
காத்திருக்கிறவனுக்கும் பசிக்குமே.
அவர்கள் அடுப்பிலிருந்துதான்
இந்த உருண்டை அடுத்த வீட்டுக்குப் போனது என்று ஒரு கதை.

"கதைதான்," அனெலி முள்கரண்டியை உயர்த்தினாள்.
"கோஸில் சுருட்டிய இறைச்சிக்குப் பொருந்தும்.
உருண்டைக்குச் சாட்சி கிடையாது."
அச்சில் அது ஏறியபோது
மன்னன் செத்து நாற்பது வருஷம் நெருங்கியிருந்ததாம்.
அப்போதும் பெரிய வீட்டுப் பண்டம்;
கத்தியால் பொடிப்பொடியாய்க் கொத்த
வேலைக்காரியின் கை வேண்டும்.
இரும்பு அரவை வந்து
மேசை விளிம்பில் திருகி மாட்டப்பட்ட பிறகே
கூலிக்காரன் தட்டுக்கும் உருண்டது.
இன்று கிறிஸ்துமஸ் மேசையில் அது இல்லையென்றால்
அவள் அண்ணன் கோட்டைக் கழற்றமாட்டானாம்.

கடன் தீர்ந்ததா? என்றேன். தொழில் புத்தி.
மன்னன் ஒரு முற்றுகையில் இறந்தான் என்றாள்.
தலையில் பாய்ந்ததும் ஓர் உருண்டை,
ஈயத்தில்.

அடுத்த வியாழன் அனெலி வரவில்லை.
வரிசையில் தனியே நகர்ந்தேன்.
கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் புது ஆள்:
"எட்டா, பன்னிரண்டா?"

முகம் தெரியாது. குரல் தெரியும்.
அடுத்த மாசம் கட்டிடறேன் சார்,
பிள்ளைக்குப் பல்லு பிடுங்கின செலவு, சார்.
ஆறாயிரத்து இருநூற்றுப் பதினேழு வெள்ளி.
கோப்பில் பூங்கோதை, தந்தை பெயர் மாசிலாமணி.
சட்டையில் குத்தியிருந்தது
கோதை மட்டும்.

வாய் திறந்தால் என் குரலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.
எட்டு விரல்களைக் காட்டினேன்.

பேச வராதவன் என்று நினைத்தாளோ,
எனக்குப் புரியும்படி
உதட்டை அசைத்து அசைத்து எண்ணினாள்.
ஒண்ணு. ரெண்டு.
எட்டு வந்ததும் மேற்பார்வையாளர் பக்கம் ஒரு பார்வை.
கரண்டி இன்னொன்றைத் தள்ளியது.
உஷ், என்று கண்ணால் சொன்னாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து
ஒன்பதையும் தின்றேன்.
எது அந்த ஒன்பதாவது என்று
தேடிப் பார்த்தேன்; எல்லாம் ஒரே உருட்டு,
எங்கோ ஒரு தொழிற்சாலையின் உருட்டு.
பாகைத் தொடவில்லை.

இரண்டேகாலுக்குத் திரையில் அவள் எண் வந்தது.
மணி அடித்தது.
கையுறை, அதில் குழம்பு,
கழற்றிக் கழுவித் துடைத்து எடுக்க
எவ்வளவு நேரமாகும் என்று இப்போது எனக்குத் தெரியும்.
விதிப்படி பன்னிரண்டு முறை அடிக்கவிட வேண்டும்.

எட்டில் வைத்துவிட்டேன்.